எல்லாம் ஒரே பெட்டிக்குள் வருமா? 1936இல் பெயர்டுக்கு நடந்தது

அரியாலையில் எங்கள் வீட்டு ரிவிக்கு முன்னால் மூன்று றிமோட்டுகள் கிடக்கின்றன. ஒன்று ரிவிக்கு. ஒன்று கூரையில் இருக்கும் டிஷ்ஷுக்கு. மூன்றாவது, கனடாவிலிருந்து வந்த மாமி கொண்டுவந்த புதிய ஸ்ரீமிங் கருவிக்கு. பெருவிரல் அளவுதான் இருக்கும். ரிவியின் பின்பக்கத்தில் சொருகிவிட்டால் கண்ணுக்கே தெரியாது. இனிமேல் படம், நாடகம், செய்தி, யூரியூப் எல்லாம் இதற்குள்ளேயே வரும், எதையும் தனித்தனியாகத் தேடத் தேவையில்லை என்று மாமி சொல்லிவிட்டுப் போனார். இரண்டு கிழமை கழித்து அம்மா என்னிடம் கேட்டது மிகச் சாதாரணமான கேள்வி. எல்லாம் இதற்குள் என்றால் மற்ற இரண்டு றிமோட்டுகளும் எதற்கு?

ஊடகக் கற்கை படித்த பிள்ளை என்பதால் வீட்டில் ரிவி சம்பந்தமான எந்தக் கேள்வியும் என்னிடம்தான் வரும். வயர் கழன்றாலும் நான்தான். அம்மாவின் கேள்விக்கு, வராது என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஏன் வராது என்று விளங்கப்படுத்தத்தான் 1946இல் இறந்துபோன ஒரு ஸ்கொட்லாந்துக்காரரிடம் போக வேண்டியிருக்கிறது. எங்கள் தலைமுறைக்கு அவர் பொது அறிவு வினாத்தாளில் ஒரு புள்ளி. தொலைக்காட்சியைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டிருக்கும். ஜோன் லோகி பெயர்ட் என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவோம். ஒரே பெட்டி, இரண்டு சேவை என்ற சிக்கலை உலகில் முதன்முதலாகச் சந்தித்தவர்களில் அவரும் ஒருவர் என்பதை நான் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதுதான் அறிந்தேன்.

பெயர்ட் 1888 ஓகஸ்ட் 13ஆம் திகதி, ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள ஹெலன்ஸ்பரோ என்ற சிறிய ஊரில் பிறந்தார். தகப்பனார் கிறிஸ்தவ போதகர். நான்கு பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. சிறு வயதிலிருந்தே நோஞ்சான். தடிமன் பிடித்தால் வாரக்கணக்கில் படுக்கை. ஆனால் கை சும்மா இருக்காது. தானே ஒரு தைனமோவை அமைத்துத் தன் வீட்டுக்கு மின்வெளிச்சம் கொண்டுவந்தார். எதிர்ப்பக்கத்து வீடுகளில் இருந்த நண்பர்களோடு கதைக்கத் தெருவுக்குக் குறுக்கே வயர் இழுத்துத் தொலைபேசி அமைத்தார். ஒரு புயல் இரவில் அந்த வயர் தாழ்ந்து தொங்கி, வண்டிக்காரர் ஒருவர் அதில் மாட்டியதோடு அந்த விளையாட்டு முடிந்தது.

கிளாஸ்கோவில் மின்பொறியியல் படித்தார். பிறகு கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். முதலாம் உலகப்போர் வந்ததில் அந்தப் பட்டம் முடியவில்லை. உடல்நலமின்மையால் படையிலும் எடுக்கவில்லை. மின்சாரக் கொம்பனி ஒன்றில் வேலை. அங்கே இருந்தபடியே காபன் கம்பியில் பெரும் மின்னோட்டத்தைப் பாய்ச்சி வைரம் செய்யலாம் என்று முயன்று, ஊரின் ஒரு பகுதி மின்சாரத்தை அணைத்துவிட்டார். அதன் பிறகு வியாபாரம். ஈரம் உறிஞ்சும் காலுறை விற்றார், அது நன்றாகவே போனது. பிறகு கரீபியன் கடலில் உள்ள ட்ரினிடாட்டுக்குப் போய் மாம்பழமும் கொய்யாவும் போட்டு ஜாம் காய்ச்சினார். ஜாம் சட்டிக்குள் பூச்சிகள் கூட்டமாக வந்து விழுந்ததில் அதுவும் போயிற்று. லண்டன் திரும்பிச் சவர்க்காரம் விற்றார். மறுபடி சுகவீனம். 1923இல், முப்பத்தைந்து வயதை நெருங்கும்போது, கையில் கொஞ்சக் காசோடு ஹேஸ்டிங்ஸ் என்ற கடற்கரை ஊரில் போய்ப் படுத்துவிட்டார். எங்கள் ஊரில் என்றால் இந்தப் பெடியன் ஒன்றிலும் நிலைக்க மாட்டான் என்று சொல்லிக் கைவிட்டிருப்பார்கள்.

அங்கேதான் தொலைக்காட்சி வேலை தொடங்கியது. அவர் பயன்படுத்திய சாமான்களின் பட்டியலைப் படித்தால் யாழ்ப்பாணத்தார் யாருக்கும் ஓர் உறவு தோன்றும். தேயிலைப் பெட்டி, தொப்பிப் பெட்டி, தையல் ஊசிகள், அரக்கு, பசை, சைக்கிள் விளக்கின் கண்ணாடி வில்லைகள். 1990களின் முதற்பாதியில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதிக்க, தைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டது எங்கள் ஊர். அண்ணா மிதிப்பார், அப்பா காதை வானொலியோடு ஒட்டி வைத்திருப்பார். மிதி தளர்ந்தால் செய்தியும் இழுபடும். சைக்கிள் விளக்கை வைத்து ஒருவர் உலகத்தைத் தூரத்திலிருந்து பார்க்க முயன்றார் என்று படித்தபோது எனக்கு அது வினோதமாகப் படவில்லை.

அவர் எல்லாவற்றையும் புதிதாகக் கண்டுபிடித்தார் என்று சொல்வது தவறு. 1884இல் போல் நிப்கோ என்ற ஜேர்மன் மாணவர் எழுதிவைத்த யோசனைதான் அடிப்படை. ஒரு தட்டின் ஓரத்தில் சுருளாகத் துளைகள் போட வேண்டும். தட்டு சுழலும்போது ஒவ்வொரு துளையும் காட்சியின் ஒரு கோட்டைக் கடந்து போகும். அந்தக் கோட்டின் வெளிச்சமும் இருட்டும் ஒரு மின்கலத்தில் பட்டு மின்னோட்டமாக மாறும். மறுமுனையில் அதே வேகத்தில் சுழலும் இன்னொரு தட்டு, அதன் பின்னால் அந்த மின்னோட்டத்துக்கு ஏற்றபடி மினுங்கும் ஒரு விளக்கு. 30 துளை என்றால் 30 கோட்டில் ஒரு முகம். யோசனை நாற்பது ஆண்டாகக் கிடந்தது. முகம் தெரியும் அளவுக்கு அதை ஓடவைத்தவர் பெயர்ட். அமெரிக்காவில் ஃபார்ன்ஸ்வேர்த்தும் சுவோரிகினும் சுழலும் பாகமே இல்லாத மின்னணு முறையில் வேலைசெய்துகொண்டிருந்தார்கள். இன்றைய திரைகளின் பூட்டன்மார் அவர்கள்தான். வினாத்தாளுக்கு ஒரு பெயர் போதும் என்பதால் மற்றவர்கள் எங்கள் பாடத்தில் வரவில்லை.

ஹேஸ்டிங்ஸில் பெரிய மின்னதிர்ச்சி ஒன்று வாங்கி உயிர் தப்பினார். வீட்டுச் சொந்தக்காரர் வெளியே போகச் சொன்னார். லண்டனில் சோஹோ பகுதியின் ஃப்ரித் வீதி, 22ஆம் இலக்கத்தில் ஒரு மேல்மாடி அறை எடுத்தார். 1925 ஒக்ரோபர் 2ஆம் திகதி, ஸ்டூக்கி பில் என்று அவர் அழைத்த பொம்மையின் தலை, நிழலாக அல்லாமல் வெளிச்சமும் சாயலுமாகத் திரையில் தெரிந்தது. சந்தோசத்தில் கீழ்மாடி அலுவலகத்துக்கு ஓடி, அங்கே வேலைசெய்த வில்லியம் ரெயின்ரன் என்ற பெடியனை இழுத்து வந்து விளக்குகளுக்கு முன் இருத்தினார். சூடு தாங்காமல் பெடியன் பின்வாங்க, அரைக் கிரவுண் காசு கொடுத்து மறுபடி இருத்த வேண்டியிருந்தது. 1926 ஜனவரி 26ஆம் திகதி ரோயல் இன்ஸ்ரிரியூஷன் உறுப்பினர்கள் நாற்பது பேரளவில் அந்த ஒடுக்கமான படியில் ஏறி வந்து பார்த்தார்கள். அடுத்த ஆண்டு லண்டனிலிருந்து கிளாஸ்கோவுக்குத் தொலைபேசி வயரில் படம் போனது. 1928 பெப்ரவரியில் அத்திலாந்திக் கடலைத் தாண்டி நியூயோர்க்குக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் படம் தெரிந்தது. அதே ஆண்டு யூலையில் நிறப்படத்தையும் காட்டினார்.

இனித்தான் பெட்டியின் கதை.

1929 செப்ரெம்பர் 30ஆம் திகதி பி.பி.சியின் ஒலிபரப்பியைப் பயன்படுத்தி பெயர்டின் 30 கோட்டுப் படம் ஒழுங்காகப் போகத் தொடங்கியது. ஆனால் அதற்குக் கிடைத்தது ஒரே அலைவரிசை. ஆகவே முதலில் படம் மட்டும் வரும், சத்தம் இராது. பிறகு அதே ஆளின் குரல் வரும், படம் இராது. 1930 மார்ச் இறுதியில்தான் இரண்டு அலைவரிசைகளில் படமும் குரலும் ஒன்றாகப் போயின. அப்போது பார்ப்பவரின் வீட்டில் இரண்டு வானொலிப் பெட்டிகள் வேண்டும், ஒன்று குரலுக்கு, மற்றது படத்துக்கு. அதோடு பெயர்டின் ரெலிவைசர் என்ற தகரப் பெட்டி. 25 கினி விலை. திரை ஒரு தீப்பெட்டியைக் கொஞ்சம் பெரிதாக்கியது போல. செம்மஞ்சள் நிறத்தில் ஒரு தலை ஆடும். தொலைக்காட்சி பிறந்த நாளிலேயே மேசையில் பல பெட்டிகள் இருந்தன. எங்கள் மூன்று றிமோட்டுகளுக்கு நல்ல வயது.

1934இல் பிரித்தானிய அரசு செல்ஸ்டன் பிரபு தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. நாட்டுக்கு நிரந்தரமான தொலைக்காட்சிச் சேவை வேண்டும், எந்த முறையில் நடத்துவது என்பது கேள்வி. அதற்குள் பெயர்டுக்கு ஒரு பலமான போட்டி வந்துவிட்டது. மார்கோனி நிறுவனமும் ஈ.எம்.ஐயும் சேர்ந்து, ஐசக் ஷோன்பேர்க் என்ற பொறியியலாளரின் தலைமையில், முழுக்க மின்னணு முறையில் 405 கோட்டுப் படம் செய்திருந்தார்கள். பெயர்டின் நிறுவனம் 240 கோடு. நிறுவனத்தில் பெயர் மட்டும்தான் பெயர்டுடையது. அதை ஒரு சினிமாக் கொம்பனி வாங்கி, 1933 அளவில் அவரை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டது.

குழு இரண்டு தரப்பையும் மனம்நோகச் செய்யாத ஒரு தீர்ப்பைச் சொன்னது. லண்டனின் அலெக்சாண்ட்ரா மாளிகையில் இரண்டு கலையகங்கள். ஒரு கிழமை பெயர்ட் முறை, மறு கிழமை மார்கோனி–ஈ.எம்.ஐ முறை. யார் தொடங்குவது என்று காசு சுண்டிப் பார்த்தார்கள். பெயர்ட் பக்கம் வென்றது. 1936 நவம்பர் 2ஆம் திகதி திறப்பு விழா. மேடையில் பிரமுகர்கள் அமர்ந்திருந்தார்கள். பெயர்டுக்கு அங்கே கதிரை இல்லை.

அப்போது விற்ற ரிவிப் பெட்டிகளைப் பற்றி வரலாற்றுப் புத்தகங்கள் அதிகம் கதைப்பதில்லை. எனக்கோ அவைதான் இந்தக் கதையின் கதாநாயகர்கள். ஒரு பெட்டி 100 பவுண் அளவில், ஒரு சிறிய காரின் விலை. ஒரு முறைக்கு மட்டும் பெட்டி செய்தால் ஒன்றுவிட்ட கிழமை திரை இருட்டாக இருக்கும், யார் வாங்குவார்கள்? ஆகவே பெட்டிகளில் ஒரு சுவிட்சு வைத்தார்கள். ஒரு பக்கம் திருப்பினால் 240 கோடு, மறுபக்கம் திருப்பினால் 405. கோடுகளின் எண்ணிக்கை வேறு, படத்தைப் பின்னும் முறை வேறு, நேரக் கணக்கு வேறு. இருந்தும் அந்தப் பெட்டி இரண்டையும் எடுத்தது. ஒரே கருவி பல தொலைக்காட்சிச் சேவைகளை ஒன்றாக்க முடியுமா என்ற கேள்விக்கு தொழில்நுட்பம் பதில் சொல்லி இப்போது தொண்ணூறு ஆண்டாகிறது.

பிழை பெட்டியில் இருக்கவில்லை. பெயர்ட் பக்கத்துக் கலையகத்தில் கமரா ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் நிலத்தோடு பொருத்தப்பட்டிருந்தது. அது முதலில் சினிமாப் படச்சுருளில் எடுக்கும். சுருள் உடனே சயனைட் கலந்த தொட்டி ஊடாக ஓடிக் கழுவப்படும். ஒரு நிமிடமளவு கழித்து ஈரச் சுருளிலிருந்து படம் வானலைக்குப் போகும். சுருள் அறுந்தால் நிகழ்ச்சியும் அறுந்தது. பக்கத்துக் கலையகத்தில் மார்கோனி–ஈ.எம்.ஐ கமரா சில்லில் உருண்டு ஆடுபவரோடு சேர்ந்து ஆடியது, தோட்டத்துக்கும் போனது. நவம்பர் 30ஆம் திகதி இரவு கிறிஸ்டல் மாளிகை தீப்பிடித்து எரிந்தபோது அங்கே இருந்த பெயர்ட் நிறுவனத்தின் ஆய்வுகூடங்களும் பெரும்பாலும் சாம்பலாயின. 1937 பெப்ரவரியில் பெயர்ட் முறை நிறுத்தப்பட்டது. மூன்று மாதம்கூட நன்றாக ஓடவில்லை.

அந்த முடிவு நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். நல்ல படம் வென்றது. ஆனால் ஒருமை எப்படி வந்தது என்பதைப் பாருங்கள். இரண்டையும் ஏற்ற பெட்டி அதைக் கொண்டுவரவில்லை. ஒரு பக்கம் மூடப்பட்டதால் வந்தது. அடுத்த நாளிலிருந்து அந்த வீடுகளில் சுவிட்சு இருந்தது, திருப்புவதற்கு மறுபக்கம் இல்லை. ஒற்றை என்ற சொல்லை எங்கள் ஆட்கள் எப்போதும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் காதில் வாங்குவார்கள். யாரை உள்ளே வைத்து ஒன்றாக்குகிறார்கள், யாரை வெளியே விட்டு ஒன்றாக்குகிறார்கள் என்று கேட்டுப் பழகியவர்கள் நாங்கள். ரிவிப் பெட்டி விஷயத்திலும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

அந்தச் சுவிட்சு பிறகும் செத்துப்போகவில்லை. பிரித்தானியா 1964இல் 625 கோட்டு முறைக்கு மாறத் தொடங்கியபோது இரட்டை முறைப் பெட்டிகள் மறுபடி வந்தன. யாழ்ப்பாணத்தில் எண்பதுகளில் அதே வேலையைக் குழாய்க் கம்பங்கள் செய்தன. 1982இல் ரூபவாஹினி தொடங்கியது. தூரதர்ஷனோ கடலுக்கு அப்பாலிருந்து காற்றில் வந்தது. ரூபவாஹினிக்கு அன்ரனாவை ஒரு பக்கம், தூரதர்ஷனுக்கு இந்தியப் பக்கம். கம்பத்தை ஒருவர் திருப்ப, வீட்டுக்குள்ளிருந்து ஒருவர் போதும், இன்னும் கொஞ்சம், இல்லை பழையபடி என்று கத்த வேண்டும். சுவிட்சு என்றால் அது ஒரு மனிதர்தான்.

பிறகு எங்கள் ஆட்கள் உலகெங்கும் சிதறினார்கள். தொலைக்காட்சியில் உலகம் மூன்று நாடாகப் பிரிந்திருந்தது என்பதை அப்போதுதான் கண்டோம். இலங்கையிலும் ஜேர்மனியிலும் பிரித்தானியாவிலும் பால் முறை. கனடாவில் என்.ரி.எஸ்.சி. பிரான்சில் செக்காம். ரொறன்ரோவில் நடந்த கலியாணத்தின் கசெற் ஊருக்கு வரும்; டெக்கில் போட்டால் மணவறை மேலும் கீழும் ஓடும், நிறம் போய்விடும். போக விசா இல்லை, வர வழியில்லை. பிள்ளையின் கலியாணத்தைப் பார்க்க அந்தக் கசெற் ஒன்றுதான். ஊரில் இறந்த தாயின் செத்தவீட்டு வீடியோ பாரிசுக்குப் போகும்போதும் அதே கதை. எங்கள் சமூகத்தில் மல்ரி சிஸ்ரம் டெக் ஒரு ஆடம்பரச் சாமான் அல்ல. அது இல்லாவிட்டால் குடும்பம் ஒன்றாகத் தெரியாது. அப்படி ஒரு டெக் வைத்திருந்த வீட்டுக்கு அயலார் கசெற்றோடு வந்து வரிசையில் இருந்ததை எங்கள் ஒழுங்கைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

மாமி கொண்டுவந்த கருவி அந்த டெக்கின் பேரப்பிள்ளை. கோடுகளின் சண்டை இப்போது முடிந்துவிட்டது. எல்லாம் இணையத்தில் வரும் இலக்கங்கள்தான். எந்தப் படத்தையும் எந்தத் திரையும் காட்டும். பிறகு ஏன் ஒன்றாகவில்லை?

கருவி செய்வதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது ஒவ்வொரு சேவையிடமும் அதன் நிகழ்ச்சிப் பட்டியலை வாங்கி, ஒரே முகப்பில் வரிசையாக அடுக்கிக் காட்டுகிறது. நீங்கள் ஒரு படத்தை அழுத்தினால் அந்தப் படத்துக்குரிய செயலி திறக்கும். அங்கே தனிக் கணக்கு, தனிச் சந்தா, தனிக் கடவுச்சொல். வாசல் ஒன்று, வீடுகள் வேறு. பட்டியலைத் தர ஒரு சேவை மறுத்தால் வாசலில் அதன் பெயரே இராது. 2016இல் அப்பிள் நிறுவனம் எல்லாச் சேவைகளையும் ஒரே செயலியில் காட்டுவதாகத் தொடங்கியபோது நெட்பிளிக்ஸ் அதில் சேரவில்லை. தன் வாடிக்கையாளர் தன் வாசலால்தான் வர வேண்டும் என்பது அதன் கணக்கு. அமேசானுக்கும் கூகுளுக்கும் சண்டை வந்தபோது 2018 தொடக்கத்திலிருந்து அமேசானின் கருவியிலிருந்து யூரியூப் செயலி எடுக்கப்பட்டது. 2019 யூலையில்தான் திரும்பி வந்தது. அந்த ஒன்றரை ஆண்டிலும் கருவியில் எந்தப் பழுதும் இல்லை. 1936ஆம் ஆண்டின் பெட்டியைப் போல அது தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டுதான் இருந்தது.

இன்னொரு மதில் நாடுகளின் எல்லை. மாமி தன் கணக்கையே எங்கள் ரிவியில் திறந்து தந்தார். ரொறன்ரோவில் பார்த்துப் பாதியில் விட்ட படத்தை அரியாலையில் காணவில்லை. உரிமம் நாட்டுக்கு நாடு தனியாக விற்கப்படுகிறது. கருவி எந்த நாட்டில் நிற்கிறதோ அந்த நாட்டுப் பட்டியல்தான் தெரியும். என்.ரி.எஸ்.சி கசெற் வேறு உருவத்தில் வந்து நிற்கிறது. ஆண்டுக்கொரு தொகை வாங்கி நூற்றுக்கணக்கான தமிழ் அலைவரிசைகளை ஒரே பெட்டியில் தரும் ஆட்கள் புலம்பெயர் நாடுகளில் இருக்கிறார்கள். அம்மா கேட்டதற்கு மிகக் கிட்டிய பதில் உண்மையில் அந்தப் பெட்டிதான். ஆனால் அவற்றில் பல அனுமதி பெறாதவை. நிகழ்ச்சி செய்தவருக்கு அதில் ஒரு சதமும் போகாது, ஒரு நாள் காலையில் பெட்டி இருட்டாகிவிடும், முறையிடவும் ஆளில்லை.

என்னைக் கவலைப்படுத்துவது வேறொன்று. 2025 பெப்ரவரியில் எங்கள் அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்காகத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிவந்தன. பிறகு நீதிமன்றத்தின் கண்காணிப்பில் அகழ்வு தொடங்கியது. எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரம். அந்த நாட்களில் அம்மாவுக்குச் செய்தி கைபேசியில் வந்தது. உள்ளூர்ச் செய்தியாளர்களின் சிறிய தளங்களும் யூரியூப் பக்கங்களும் கொண்டுவந்தன. ரிவியில் சொருகிய கருவியின் முகப்பிலோ அன்றைக்கும் ஏதோ ஒரு புதிய படத்தின் பெரிய விளம்பரம்தான். அந்தச் செய்தி கருவிக்குள் இல்லை என்று சொல்ல முடியாது. யூரியூப்புக்குள் போய், பெயர் தெரிந்து, தமிழில் எழுதித் தேடினால் கிடைக்கும். காணாமல்போன பிள்ளையைத் தேடும் எழுபது வயதுத் தாய் றிமோட்டில் எழுத்து எழுத்தாக அழுத்தித் தேடுவார் என்று எதிர்பார்க்க முடியாது. முகப்பில் எது இருக்கிறது என்பதைக் காசு கொடுத்தவரும் பார்வையாளர் தொகையும் தீர்மானிக்கின்றன. மூன்று றிமோட்டுகள் சிரமம்தான். ஆனால் ஒன்றே ஒன்று என்று ஆகும் நாளில், அந்த ஒன்றின் முகப்புக்குப் போகக் காசில்லாத சின்னச் சின்ன ஊடகங்கள் 240 கோட்டுப் பக்கமாகிவிடும். ஆகவே டிஷ் றிமோட்டை எறிய வேண்டாம், கைபேசியும் பக்கத்தில் இருக்கட்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

பெயர்டுக்கு வருவோம். தோற்ற பிறகு அவர் வீட்டில் சும்மா இருந்துவிடவில்லை. 1939 செப்ரெம்பர் 1ஆம் திகதி, போர் வரப்போகிறது என்று பி.பி.சி தொலைக்காட்சியை மூடியது. அலைகளைப் பிடித்து எதிரி விமானங்கள் வழி கண்டுபிடித்துவிடும் என்ற பயம். கடைசியாகப் போனவற்றில் ஒன்று மிக்கி மவுஸ் கார்ட்டூன். அப்போது இருபதாயிரம் அளவில் இருந்த பெட்டிகள் ஏழு ஆண்டுகளுக்குத் தளபாடமாகின. போரால் இருண்ட திரை எப்படி இருக்கும் என்று எங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெயர்ட் நிறுவனத்தை மூடினார்கள். மனைவி மார்கரெட்டும் இரண்டு பிள்ளைகளும் குண்டுவீச்சுக்குத் தப்பிக் கோர்ன்வாலில் உள்ள பியூட் என்ற கரையோர ஊருக்கு இடம்பெயர்ந்தார்கள். அவர் லண்டனில், குண்டு விழுந்து சேதமான வீட்டோடு சேர்ந்த ஆய்வுகூடத்தில், தன் சேமிப்பைக் கரைத்து வேலைசெய்தார். 1944 ஓகஸ்ட் 16ஆம் திகதி, ரெலிகுரோம் என்ற நிறப்படக் குழாயைப் பத்திரிகையாளருக்குக் காட்டினார். சுழலும் தட்டு எதுவும் இல்லை, முழுக்க மின்னணு. தன்னைத் தோற்கடித்த முறையையே எடுத்து அதற்கு நிறம் கொடுத்திருந்தார். போருக்குப் பிறகு நாடு ஆயிரம் கோட்டு நிறத் தொலைக்காட்சிக்குப் போக வேண்டும் என்று அரசின் குழுவிடம் வற்புறுத்தினார். நாடு பழைய 405க்கே திரும்பியது.

1946இன் தொடக்கத்தில் பாரிசவாதம் வந்தது. யூன் 7ஆம் திகதி பி.பி.சி தொலைக்காட்சி மறுபடி தொடங்கி, அந்த மிக்கி மவுஸ் கார்ட்டூனையும் மறுபடி காட்டியது. ஒரு கிழமை கழித்து, யூன் 14ஆம் திகதி, பெக்ஸ்ஹில் என்ற கடற்கரை ஊரில் பெயர்ட் இறந்தார். வயது 57. ஹெலன்ஸ்பரோவில் பெற்றோருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

அவருடைய 30 கோட்டு நிகழ்ச்சிகளில் எதையும் பி.பி.சி பதிவுசெய்து வைக்கவில்லை. ஆனால் 1933 ஏப்ரலில் யாரோ ஒரு பார்வையாளர், தன் வீட்டில் இருந்த பாட்டுத்தட்டுப் பதிவுக் கருவியில், வானலையில் வந்த படக் குறிப்பலையை ஓர் அலுமினியத் தட்டில் கீறி வைத்திருந்தார். போட்டால் இரைச்சல்தான் கேட்கும். 1990களின் பிற்பகுதியில் டொனால்ட் மக்லீன் என்ற பொறியியலாளர் கணினியில் ஏற்றி அதைப் படமாக்கினார். நான்கு நிமிடமளவு. சில பெண்கள் வரிசையாக நின்று கால் உயர்த்தி ஆடுகிறார்கள்.